சாட்ஸ்வர்த்தில் ஃபைபர் வராத தெருவும் ஒலிபரப்பில் கேட்காத தமிழும்: ஒரு விரிவான பதில்

வணக்கம் அக்கா. நீங்கள் இரண்டு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். தென்னாப்பிரிக்காவின் டர்பனில், நம் சாட்ஸ்வர்த்தில், பக்கத்துத் தெரு வரை வந்துவிட்ட ஃபைபர் இணையக் கம்பி உங்கள் தெருவுக்கு ஏன் வரவில்லை, அதை வரவைக்க என்ன வழி என்பது ஒன்று. வானொலியிலும் தொலைக்காட்சியிலும் நம் தமிழ்க் குடும்பங்கள் கண்ணிலும் காதிலும் படுவதே அபூர்வமாக இருக்கிறதே, கோயில் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளை வைத்து நாமே ஏதாவது செய்யலாமா என்பது இன்னொன்று. இரண்டுக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன். பிரித்து எழுதினால் பாதிப் பதில்தான் ஆகும்.

மாதக் கட்டணத்தில் அளவில்லாமல் ஓடும் இணைப்பு உள்ள வீடு பார்க்கிறது, படம் எடுத்து ஏற்றுகிறது, நேரலை செய்கிறது, நிலையத்துக்குப் புகார் எழுதுகிறது, விளம்பரக்காரர்களின் கணக்கிலும் விழுகிறது. ப்ரீபெய்டு டேட்டாவில் ஓடும் வீடு பார்க்க மட்டும் செய்கிறது, அதுவும் எம்பியை எண்ணி எண்ணி. ஒரு சமூகத்தில் இரண்டாவது வகை வீடுகள் அதிகமானால் அந்தச் சமூகத்தைப் பற்றி மற்றவர்கள்தான் பேசுவார்கள். வெள்ளம் வந்தால் சாட்ஸ்வர்த் செய்தியில் வரும், போதைமருந்துக் கைது நடந்தால் வரும். ஆடி மாதத்தில் மாரியம்மனுக்குக் கஞ்சி ஊற்ற ஒரு தெருவே விடியற்காலையில் எழுந்து நிற்பது வராது. இது என்னை உறுத்துகிற விஷயம், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

தடை எங்கே இருக்கிறது

டர்பனுக்கு இணையம் குறைவாக வருவதால் உங்கள் தெருவுக்குக் கிடைக்கவில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சீகாம் கடலடிக் கேபிள் 2009-லேயே நம் குவாசுலு-நடால் கரையில், எம்துன்சினியில் ஏறிவிட்டது. மொரீஷியஸையும் ரியூனியனையும் நம்மோடு இணைக்கும் மெட்டிஸ் கேபிள் அமன்சிம்டோட்டியில் கரை ஏறுகிறது. சாட்ஸ்வர்த்திலிருந்து அது கொஞ்ச நேரக் கார்ப் பயணம்தான். கடலைத் தாண்டி வந்த கம்பி, கடைசிச் சில நூறு மீட்டரைத் தாண்ட மாட்டேன் என்கிறது.

அந்தக் கடைசி மீட்டர்களில் பழைய வரைபடம் குறுக்கே நிற்கிறது. இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த 1950-ஆம் ஆண்டின் குழுப் பகுதிச் சட்டத்தை வைத்துத்தான் கேட்டோ மேனரிலிருந்தும் கிளேர்வுட்டிலிருந்தும் மேகசின் பாரக்ஸிலிருந்தும் நம் ஆட்களைப் பெயர்த்து 1960-களில் சாட்ஸ்வர்த்துக்குக் கொண்டுவந்தார்கள். மலைச்சரிவு, ஒட்டிக் கட்டிய வீடுகள், ஒடுங்கிய ரோடு, நடைபாதைக்கே இடமில்லாத ஓரம். மண்ணைத் தோண்டிக் கேபிள் புதைக்கும் கம்பெனிக்கு இதெல்லாம் செலவு. நாட்டில் வீடுகளுக்கான ஃபைபர் பெரிய அளவில் தொடங்கியது ஜோஹானஸ்பர்க்கின் பார்க்ஹர்ஸ்ட்டில், 2014-இல், வூமாடெல் என்ற கம்பெனி மூலம். வசதியான, சமதளமான, குடியிருப்போர் சங்கம் வலுவாக இருந்த இடம் அது. அங்கே தொடங்கிய வியாபாரம் அதே மாதிரி இடங்களைத் தேடித்தான் போனது. நிறவெறிக் காலத்தில் ஒதுக்கப்பட்ட டவுன்ஷிப் குடியிருப்புகளுக்கு வந்தபோது புதைக்காமல் கம்பங்களில் இழுத்து, மலிவான தனித் திட்டமாகத்தான் வந்தது.

நாட்டு அளவில் பள்ளம் எவ்வளவு பெரியது என்பதை நாட்டின் புள்ளிவிவர அமைப்பான ஸ்டாட்ஸ் எஸ்ஏயின் 2021 குடும்பக் கணக்கெடுப்பு காட்டுகிறது. ஏதோ ஒரு வழியில் இணையம் பயன்படுத்துபவர் ஒருவராவது இருக்கும் குடும்பங்கள் 77.5 விழுக்காடு. வீட்டிலேயே இணைய இணைப்பு உள்ளவை 10.4 விழுக்காடு. முதல் எண்ணைக் காட்டி 'எல்லோரிடமும் இணையம் வந்துவிட்டது' என்று பேசுவார்கள். நாம் பிடித்துக்கொள்ள வேண்டியது இரண்டாவது எண்ணை.

மொபைல் டேட்டா வைத்துச் சமாளிக்கலாமே என்றால், விலையைப் பாருங்கள். வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் போட்டி ஆணையம் 2019 டிசம்பரில் வெளியிட்ட டேட்டா விசாரணை அறிக்கை, சின்னச் சின்னப் பொதிகளாக வாங்கும் ஏழைகள்தான் ஒரு எம்பிக்கு அதிக விலை கொடுக்கிறார்கள் என்று தெளிவாகச் சொன்னது. அதன் பிறகு 2020 ஏப்ரலில் வோடாகாம் மொபைல் கம்பெனி தன் 30 நாள் 1 ஜிபி விலையை 149 ராண்டிலிருந்து 99 ஆகக் குறைத்தது. குறைந்த அந்த விலையை வைத்தே கணக்குப் போடுவோம். கோயிலில் காவடியை 720பி தரத்தில் நேரலை செய்ய நொடிக்கு 3 மெகாபிட் ஏற்ற வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு 1.35 ஜிபி ஆகும். ஐந்து மணி நேரக் காவடிக்கு 6.75 ஜிபி, அதாவது 668 ராண்ட். பெரிய பொதி வாங்கினால் கொஞ்சம் குறையும், ஆனாலும் ஒரே நாளில் போகிற காசு அது. 2024 ஏப்ரலில் முதியோர் உதவித்தொகை மாதம் 2,180 ராண்ட். அந்தத் தொகையில் குடும்பம் நடத்தும் ஆயா வீட்டிலிருந்து நேரலை ஏன் வருவதில்லை என்று யாரும் கேட்கத் தேவையில்லை.

தெருவுக்கு ஃபைபர் கொண்டுவருவது

முதலில் ஒரு விஷயம் தெளிவாக வேண்டும். கம்பி இழுப்பவர் ஒருவர், இணையம் விற்பவர் இன்னொருவர். ஓப்பன்சர்வ், வூமாடெல், மெட்ரோஃபைபர், ஃப்ராக்ஃபுட் போன்றவர்கள் கம்பி இழுப்பவர்கள். உங்களிடம் பணம் வாங்கும் ஐஎஸ்பி, அதாவது இணையம் விற்பவர், அந்தக் கம்பியை வாடகைக்கு எடுத்து விற்கிறது. தெருவுக்கு ஃபைபர் வேண்டும் என்று ஐஎஸ்பியிடம் எத்தனை முறை போன் செய்தாலும் நடக்காது. முடிவு கம்பிக்காரரிடம்தான் இருக்கிறது.

ஒவ்வொரு கம்பிக்காரரின் வலைத்தளத்திலும் வரைபடம் உண்டு. ஐஎஸ்பியின் ஒரே தேடலை நம்பாமல் ஒவ்வொன்றிலும் தனித்தனியாகப் பாருங்கள். பழைய ரோடு எண்ணில் ஒரு வீடு, புதிய தெருப்பெயரில் அதே வீடு என்று சாட்ஸ்வர்த்தில் முகவரிகள் குழம்பிக் கிடப்பதால், முகவரியைத் தட்டச்சு செய்தால் 'சேவை இல்லை' என்று வந்துவிடும். வரைபடத்தைப் பெரிதாக்கி உங்கள் கூரை மேலேயே குறியை வையுங்கள். இரண்டு பக்கத்து வீடுகள், எதிர்வீடு எல்லாவற்றுக்கும் அப்படியே பாருங்கள். எதிர்வீட்டுக்கு இருந்து உங்களுக்கு இல்லை என்று காட்டினால் பெரும்பாலும் அது தரவுப் பிழைதான். திரையைப் படம் பிடித்து அனுப்பினால் திருத்துவார்கள்.

உண்மையிலேயே தெருவில் இல்லை என்றால், அதே பக்கத்தில் 'ஆர்வம் பதிவு செய்க' என்ற படிவம் இருக்கும். ஒரு தெருவில் எத்தனை வீடு இணைப்பு வாங்கும் என்ற கணக்கை வைத்துத்தான் அடுத்து எங்கே இழுப்பது என்று கம்பெனி முடிவு செய்கிறது. ஆளாளுக்குப் பதிவு செய்தால் அந்த எண்ணிக்கை எங்கோ சிதறிப் போகும். கோயில் குழுவோ தெருச் சங்கமோ ஒரே வாரத்தில் எல்லா வீட்டையும் பதிவு செய்ய வைக்கட்டும். போன் இல்லாத ஆயா, தாத்தா வீடுகளுக்குப் பிள்ளைகளை அனுப்பிப் பதிவு செய்து கொடுங்கள். ஒவ்வொரு பதிவுக்கும் வரும் மின்னஞ்சலைச் சேர்த்து, தெருவின் பெயர், வீட்டு எண்ணிக்கை, மின்கம்பமோ பழைய டெல்காம் தொலைபேசிக் கம்பமோ நிற்கும் இடங்களின் படம் எல்லாம் வைத்துக் கம்பிக்காரருக்கு ஒரே கடிதமாக அனுப்புங்கள். கம்பம் முக்கியம். ஏற்கெனவே கம்பம் நிற்கிற தெருவில் வேலைச் செலவு குறையும் என்பதால் அவர்கள் முதலில் பார்ப்பதே அதைத்தான். நகரசபை ஓரத்தில் தோண்டவும் கம்பம் நடவும் டர்பன் நகரசபையான ஈத்தெக்வினியின் அனுமதி வேண்டும். அந்த இடத்தில் கோப்பு தூங்கினால் வார்டு கவுன்சிலரை விட்டுக் கேட்க வையுங்கள். கம்பெனியைக் கவுன்சிலர் கட்டாயப்படுத்த முடியாது, ஆனால் நகரசபையில் கோப்பு எங்கே நிற்கிறது என்று கேட்டுச் சொல்ல முடியும்.

வாடகைக்கு இருப்பவர்களுக்குத்தான் கஷ்டம் அதிகம். வீட்டுக்குப் பின்னால் அவுட்பில்டிங்கில் குடியிருப்பவர் பெயரில் லைட் பில் இருக்காது. இணைப்பு வாங்குபவர் யார் என்று பதிவு செய்யச் சொல்லும் ரிகா சட்டப்படி அடையாள அட்டையும் முகவரிச் சான்றும் வேண்டும், சான்று மூன்று மாதத்துக்குள் இருக்க வேண்டும் என்று கேட்பார்கள். வீட்டுக்காரரின் பில்லையும், 'இவர் என் வளாகத்தில் குடியிருக்கிறார்' என்று அவர் போலீஸ் நிலையத்தில் எழுதிக் கொடுக்கும் உறுதிமொழிப் பத்திரத்தையும் சேர்த்துக் கொடுங்கள். நிலையத்தில் அதற்குக் காசு வாங்கமாட்டார்கள். சுவரில் துளை போட வீட்டுக்காரர் சம்மதம் தனியாக எழுத்தில் வேண்டும். அது இல்லாமல் வேலையாள் வந்தால் திரும்பிப் போய்விடுவார், மறுபடி முறை வர நாளாகும். ஃபிளாட் கட்டடம் என்றால் தனி வீட்டுச் சம்மதம் போதாது, கட்டடத்தின் நிர்வாகக் குழு முழுக் கட்டடத்துக்கும் கையெழுத்துப் போட வேண்டும். குழுவே செயல்படாமல் கிடக்கும் கட்டடங்கள் உண்டு. அங்கே குழுவைக் கூட்டுவதுதான் முதல் வேலை. வங்கிக் கணக்கு இல்லை, டெபிட் ஆர்டர் முடியாது என்றால் ப்ரீபெய்டு ஃபைபர் தரும் திட்டத்தைக் கேளுங்கள். கடன் சரிபார்ப்பில் விழுந்த குடும்பங்களுக்கும் அதுதான் வழி.

பொதி எடுக்கும்போது இரண்டு எண்ணையும் பாருங்கள். 50/25 என்றால் இறக்க 50, ஏற்ற 25. விளம்பரத்தில் முதல் எண்ணைப் பெரிதாகப் போடுவார்கள். நமக்கு முக்கியம் இரண்டாவது. படம் பார்க்கும் வீட்டுக்கு 10 எம்பிபிஎஸ் (நொடிக்கு 10 மெகாபிட்) கூடப் போதும். நேரலை செய்யும் கோயிலுக்கு, அனுப்பும் பிட்ரேட்டைப் போல இரண்டு மடங்கு ஏற்றும் வேகம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தேவாரம் நடுவில் அறுந்து அறுந்து வரும். 20 எம்பிபிஎஸ் என்பது நொடிக்கு 20 மெகாபைட் அல்ல, அதில் எட்டில் ஒரு பங்கு. இதைத் தெரியாமல் ஏமாற்றிவிட்டார்கள் என்று சண்டை போடுபவர்கள் நிறைய.

ஃபைபர் வந்த பிறகு வரும் கோளாறுகளில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஃபைபர் வந்து சேரும், சுவரில் மாட்டியிருக்கும் ஓஎன்டி பெட்டியில் லாஸ் (LOS) என்று எழுதிய விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளி வரவில்லை என்று பொருள். ரவுட்டரை அணைத்துப் போட்டுப் பயனில்லை. கம்பி எங்கோ அறுந்திருக்கிறது, அல்லது அலமாரிக்குப் பின்னால் கூர்மையாக மடங்கியிருக்கிறது. மஞ்சள் கம்பியை விரல் பருமன் வளையமாக இறுக்கிச் சுற்றினாலே ஒளி கசிந்துவிடும். அதை நேராக்கிப் பார்த்து, சரியாகாவிட்டால் உடனே புகார் எண் வாங்குங்கள். லாஸ் அணைந்திருந்து பான் (PON) விளக்கு பச்சையாக நின்றும் இணையம் இல்லை என்றால், கோளாறு ஐஎஸ்பி பக்கமோ உங்கள் வைஃபை பக்கமோதான். இந்த ஒரு விளக்கைப் பார்த்துச் சொன்னால் தொலைபேசியில் முக்கால் மணி நேரம் மிச்சம்.

மின்சாரம் போகும்போதும் ஃபைபர் ஓடும். தெருவில் இருக்கும் ஒளிப் பிரிப்பான்களுக்கு மின்சாரம் தேவையில்லை. உங்கள் வீட்டுப் பெட்டியும் ரவுட்டரும் உயிரோடு இருந்தால் போதும். இரண்டும் சேர்ந்து சுமார் 12 முதல் 15 வாட் இழுக்கும். கடைகளில் 8,800 எம்ஏஎச் என்று விற்கும் சிறிய யுபிஎஸ்ஸில் உண்மையில் இருப்பது 32 வாட்-மணி அளவுதான், ஏனென்றால் அந்த எண் 3.7 வோல்ட் செல்லுக்கானது. இரண்டு மணி நேரம் தாங்கும். நான்கு மணி நேரம் வேண்டுமானால் இரண்டு மடங்கு வாங்க வேண்டும். ரவுட்டர் 9 வோல்ட்டா 12 வோல்ட்டா என்று அடாப்டரில் பார்த்துவிட்டுச் செருகுங்கள். மாற்றிச் செருகினால் பெட்டி போய்விடும்.

ஃபைபர் வரும்வரை எல்டிஇ (4ஜி) அல்லது 5ஜி ரவுட்டர் வைப்பவர்கள், அதை டிவி பக்கத்தில் வைக்காமல் டவரைப் பார்த்த சன்னலில் வையுங்கள். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் ஆர்எஸ்ஆர்பி (RSRP) என்று சிக்னல் பலத்துக்கான ஓர் எண் காட்டும். மைனஸ் 80 என்றால் நல்லது, மைனஸ் 110 என்றால் கையை விரித்துவிட வேண்டியதுதான். நம் மலைச்சரிவில் ஒரே வீட்டின் முன்பக்கமும் பின்பக்கமும் 20 வித்தியாசம் காட்டும். ஒப்பந்தம் போடுவதற்கு முன் யாராவது ஒருவரின் ரவுட்டரை இரவல் வாங்கி மாலை 7 மணிக்கு மேல் சோதியுங்கள். காலையில் வரும் வேகத்தை நம்பி 24 மாதம் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஒலிபரப்பில் நம் இடம்

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. இந்த நாட்டில் தமிழ் ஊடகம் பணமும் கருவியும் இல்லாமல் நின்றுபோவது இன்று நேற்றுக் கதையல்ல. 1903-இல் டர்பனில் தொடங்கிய 'இந்தியன் ஒபீனியன்' இதழ் ஆங்கிலம், குஜராத்தி, இந்தி, தமிழ் என நான்கு மொழியில் வந்தது. 1906-இல் தமிழும் இந்தியும் நின்றன. எழுதவும் அச்சுக் கோக்கவும் ஆள் கிடைக்கவில்லை என்பது காரணம். படிக்க ஆள் இல்லாமல் நிற்கவில்லை என்பதைக் கவனியுங்கள். 1908-இல் பி. எஸ். ஐயர் 'ஆஃப்ரிக்கன் க்ரானிக்கிள்' வார இதழைத் தொடங்கித் தமிழையும் அதில் கொண்டுவந்தார். கருவியும் ஆளும் கையில் இருந்தவரைதான் நம் மொழி அச்சில் இருந்தது. இன்று அச்சுக்கூடத்தின் இடத்தில் அப்லோட் வேகம் இருக்கிறது.

1983-இல் நாட்டின் பொது ஒலிபரப்பு நிறுவனமான எஸ்ஏபிசி தொடங்கிய ரேடியோ லோட்டஸ், இன்றைய லோட்டஸ் எஃப்எம், ஆங்கிலத்தை முதன்மையாக வைத்துத் தமிழ், தெலுங்கு, இந்தி, குஜராத்தி, உருது என்று நேரத்தைப் பங்கிடுகிறது. ஐந்து மொழிக்கு ஒரே அலைவரிசை என்றால் தமிழுக்கு வருவது எத்தனை மணி நேரம் என்பதை நீங்களே பார்க்கிறீர்கள். சென்னையிலிருந்து வரும் கட்டணத் தொலைக்காட்சியில் தமிழ் நாள் முழுக்க ஓடும், ஆனால் அதில் நம் மெரிபேங்கும் டொங்காட்டும் வராது.

2016 மே மாதம் எஸ்ஏபிசி தன் எல்லா வானொலிகளும் 90 விழுக்காடு உள்நாட்டு இசை போட வேண்டும் என்றது. லோட்டஸ் எஃப்எம் நேயர்கள் கொதித்தார்கள், கேட்பவர் எண்ணிக்கை சரிந்தது, 2017-இல் அந்தக் கொள்கை கைவிடப்பட்டது. இந்தியப் பாட்டுத்தான் எங்களுக்கு வேண்டும் என்று நம்மவர்கள் சொன்னது நியாயம்தான். ஆனால் அதற்குள் வேறொரு விஷயம் இருக்கிறது. நாள் முழுக்க ஒலிபரப்ப, இந்த மண்ணில் பதிவான தமிழ்ப் பாட்டு கையிருப்பில் போதவில்லை. கோயில் பஜனைக் குழுக்கள் பாடாமல் இல்லை. நல்ல தரத்தில் பதிவு செய்து நிலையத்துக்கு அனுப்பியவர்கள் குறைவு. இதைச் சொல்வதால் யாரையும் குற்றம் சொல்லவில்லை. ஒலிப்பதிவும் இணைப்பும் காசு கேட்கும்.

எண்ணிக்கை விவகாரம் இதைவிட மோசம். வானொலி, தொலைக்காட்சி நேயர்களை ஒலிபரப்பு ஆய்வுக் குழுவான பிஆர்சி அளக்கிறது. அந்தக் கணக்கில் குடும்பங்களை வசதி வாரியாக வகுக்கும் செம் (SEM) அளவுகோல் சமையலறையில் பதித்த தொட்டி உண்டா, கார் உண்டா, பாதுகாப்பு நிறுவனச் சேவை உண்டா என்று கேட்கிறது. விளம்பரம் கொடுப்பவர் உயர்ந்த செம் குடும்பங்களைத் தேடுகிறார். ஆய்வுக்கு எடுக்கும் மாதிரியில் தமிழ் பேசும் வீடுகள் சில பேராகத்தான் விழும், அந்தச் சில பேரைத் தனியாகப் பிரித்து எண் சொல்ல முடியாது. இணையத்திலாவது எண்ணப்படுகிறோமா என்றால், அதுவும் இல்லை. டேட்டா மிச்சம் பிடிக்க ஒருவர் தரவிறக்கி வாட்ஸப்பில் அனுப்பும் வீடியோவை நாற்பது பேர் பார்த்தாலும் யூடியூபில் ஒரு பார்வைதான் ஏறும். நாற்பது பேர் நமக்குத் தெரியும். விளம்பரக்காரருக்குத் தெரிவது ஒருவர்.

யாரிடம் கேட்பது

இங்கேதான் பலர் தவறான கதவைத் தட்டிவிட்டு, யாரும் கேட்பதில்லை என்று ஓய்ந்துவிடுகிறார்கள். ஒரு நிகழ்ச்சி நம்மை இழிவாகக் காட்டியது, ஒருதலைப்பட்சமாகப் பேசியது என்றால் பிசிசிஎஸ்ஏ என்னும் ஒலிபரப்புப் புகார் ஆணையத்துக்கு எழுதுங்கள். ஒலிபரப்பான நாளிலிருந்து 30 நாளுக்குள் எழுத வேண்டும். நிலையம், நிகழ்ச்சி, தேதி, மணி, சொன்ன வார்த்தை எல்லாம் இருக்க வேண்டும். 'எப்போதும் இப்படித்தான்' என்று எழுதினால் தள்ளிவிடுவார்கள். பத்திரிகை அல்லது அதன் இணையப் பக்கம் என்றால் பிரஸ் கவுன்சில், வெளியான நாளிலிருந்து 20 வேலை நாளுக்குள்.

தமிழ் நேரம் குறைவு, தமிழ்ச் செய்தி இல்லை என்ற புகார் இந்த இரண்டு இடத்துக்கும் போகாது. அது உரிம நிபந்தனை சம்பந்தப்பட்டது, ஒலிபரப்பையும் தொலைத்தொடர்பையும் கட்டுப்படுத்தும் ஐகாசாவிடம் போக வேண்டும். மொழியுரிமை என்ற கோணத்தில் நாட்டின் மொழி வாரியமான பான்சால்பிடமும் போகலாம். அரசியல் சட்டத்தின் 6(5) பிரிவு, தமிழ் உள்ளிட்ட எட்டு மொழிகளைப் பெயர் சொல்லி, அவற்றை மேம்படுத்தி மதிப்பை உறுதி செய்ய வேண்டியது பான்சால்பின் கடமை என்கிறது. கடிதத்தின் முதல் வரியிலேயே அந்தப் பிரிவை எழுதுங்கள். பான்சால்ப் பெரும்பாலும் சமரசமும் பரிந்துரையும் செய்யும் அமைப்பு என்பதையும் மனதில் வையுங்கள், தீர்ப்பு எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

எழுதுவதற்கு முன் எண் கையில் இருக்க வேண்டும். நான்கு வாரத்துக்கு ஒரு குறிப்பேட்டில், தமிழில் பேசிய நிமிடம், தமிழ்ப் பாட்டு ஓடிய நிமிடம், உள்ளூர்த் தமிழர் குரல் வந்த நிமிடம் என்று மூன்று பத்தியாகக் குறியுங்கள். பாட்டையும் பேச்சையும் ஒன்றாகக் கூட்டினால் நிலையம் பாட்டைக் காட்டித் தப்பித்துவிடும். தமிழ்ப் பள்ளிப் பெரிய பிள்ளைகளே ஆளுக்கு ஒரு நேரமாகக் கேட்டுக் குறிக்கலாம். எஸ்ஏபிசி பொது அமைப்பு என்பதால், தகவல் பெறும் பாயா சட்டத்தில் படிவம் 2 நிரப்பி, மொழிவாரி நேரப் பங்கீட்டைக் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். அவர்கள் எண்ணையும் உங்கள் குறிப்பேட்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து அனுப்பிய கடிதத்தை ஒதுக்குவது கடினம்.

இணைய சேவைப் புகாருக்கும் இதே ஒழுங்குதான். முதலில் ஐஎஸ்பி, எழுத்தில், புகார் எண்ணோடு. அது இணைய நிறுவனங்களின் சங்கமான ஐஎஸ்பிஏவில் உறுப்பினராக இருந்தால் அடுத்து அந்தச் சங்கம், அதன் நடத்தை விதிப்படி. பிறகு ஐகாசா. நேராக ஐகாசாவுக்குப் போனால் முதல் படிக்குத் திருப்பி அனுப்புவார்கள்.

நாமே செய்வது

பிள்ளைகளை வைத்து வீடியோவில் தொடங்க நினைக்கிறீர்கள். ஒலியில் தொடங்குங்கள் என்பது என் உறுதியான அபிப்பிராயம். அரை மணி நேர நிகழ்ச்சியை 64 கேபிபிஎஸ் மோனோ எம்பி3 ஆக்கினால் 14.4 எம்பி. ஓப்பஸ் என்ற ஒலிக்கோப்பு வடிவில் 32 கேபிபிஎஸ் போதும், பேச்சு தெளிவாகவே இருக்கும், 7.2 எம்பிதான். ஜிபி 99 ராண்ட் விலையிலும் ஒரு ராண்டுக்குக் கீழே ஒரு நிகழ்ச்சியைக் கேட்டுவிடலாம். வீடியோவாகப் போட்டால் உதவித்தொகையில் வாழும் ஆயாவுக்கு அது எட்டாது, நாம் யாருக்காகச் செய்கிறோமோ அவர்களே வெளியே நிற்பார்கள். ஒரு பொது இணைப்பில் வைத்து அங்கிருந்து கேட்கச் சொல்லுங்கள், அப்போது எண்ணிக்கை ஏறும். வாட்ஸப்பில் கோப்பு வேண்டும் என்பவர்களுக்கும் அனுப்புங்கள், ஆனால் 'எத்தனை பேர் சேர்ந்து கேட்டீர்கள்?' என்று ஒரு பதில் மட்டும் வாங்கி எழுதி வையுங்கள்.

பதிவுக்குப் போனின் உள்மைக் வேண்டாம், சட்டையில் குத்தும் சிறிய மைக் வாங்குங்கள். கோயில் மண்டபத்தில் எதிரொலி வரும். பக்கத்து அறையில் திரை போட்டு, தரையில் விரிப்புப் போட்டு உட்கார வையுங்கள். தாத்தா ஒருவர் டொங்காட் கரும்புத் தோட்டத்தில் வளர்ந்த கதை சொல்லும்போது ஆங்கிலமும் தமிழும் ஜூலுவும் கலந்து பேசுவார். அதைத் திருத்தாமல் விடுங்கள். அந்தப் பேச்சு சென்னையில் பதிவாகாது. பெரிய கோப்புகளைக் கோயில் ஃபைபரிலோ நூலக வைஃபையிலோ ஏற்றுங்கள். மொபைலில் ஏற்றத் தொடங்கி 90 விழுக்காட்டில் அறுந்தால் போன டேட்டா போனதுதான். காவடி நேரலைக்கு ரவுட்டரிலிருந்து கம்பி போட்டு இணையுங்கள். நூற்றுக்கணக்கான போன்கள் கூடும் இடத்தில் வைஃபையும் டவரும் திணறும், காலையில் சோதித்தபோது வந்த வேகம் ரதம் புறப்படும்போது இருக்காது. கோயில் வைஃபையின் கடவுச்சொல்லையும் அன்றைக்கு மாற்றிவிடுங்கள்.

பிள்ளைகள் குரலோ முகமோ வரும்போது தனிநபர் தகவலைக் காக்கும் போபியா சட்டப்படி பெற்றோர் சம்மதம் வேண்டும், அதை எழுத்தில் வாங்கி வையுங்கள். பாட்டுப் போட்டால் பாட்டை எழுதி இசையமைத்தவர்களுக்கான சாம்ரோ அமைப்புக்கும், ஒலிப்பதிவை அப்படியே ஓடவிட்டால் ஒலிப்பதிவு உரிமையாளர்களுக்கான சாம்ப்ரா அமைப்புக்கும் உரிமத் தொகை உண்டு. இணைய வானொலிக்கு ஐகாசா ஒலிபரப்பு உரிமம் தேவையில்லை என்பதால் பலர் இந்தத் தொகையையும் மறந்துவிடுகிறார்கள். சினிமாப் பாட்டைத் தவிர்த்து, உங்கள் கோயில் பஜனைக் குழு பாடும் பழைய தேவாரத்தையும் திருப்புகழையும் நீங்களே பதிவு செய்தால் பெரும்பாலும் இந்தத் தலைவலி வராது, நிலையத்துக்கு அனுப்ப உள்நாட்டுப் பதிவும் சேரும்.

பணத்துக்கு எம்டிடிஏ என்னும் ஊடகப் பன்முக அமைப்பு இருக்கிறது, உள்ளூர்ச் சமூகங்கள் நடத்தும் வானொலி, பத்திரிகை போன்றவற்றுக்கு மானியம் தருவதற்காகவே 2002 சட்டத்தில் வந்தது. தனி ஆளாக விண்ணப்பித்துப் பயனில்லை. பதிவு பெற்ற லாபநோக்கற்ற அமைப்பு, எழுதப்பட்ட விதிமுறை, தனி வங்கிக் கணக்கு, வரி ஒழுங்குச் சான்று, கணக்கறிக்கை இவ்வளவும் கேட்பார்கள். கோயில் கணக்கோடு கலந்து வைத்தால் அங்கேயே தடுக்கும். விண்ணப்ப அழைப்பு வரும் வரை காத்திருக்காமல் இந்த வருடமே பதிவையும் வங்கிக் கணக்கையும் தொடங்குங்கள். நான்கு வாரக் குறிப்பேடு, எத்தனை பேர் கேட்டார்கள் என்று எழுதிய பட்டியல், தெருவில் எத்தனை வீட்டில் ஃபைபர் இல்லை என்ற பதிவு மூன்றையும் விண்ணப்பத்தோடு இணையுங்கள். தெருவுக்கு ஃபைபர் கேட்டுச் சேர்த்த அதே பட்டியல் இங்கேயும் சான்றாக நிற்கும்.